பத்து மழைக்காலம் பார்த்த பிடவுக் மரம்: சிவப்புக்காக வாங்காதீர்கள்

"தம்பி, செகப்பு மரம்னு சொல்லித்தானே காசு வாங்குன? இப்பப் பாரு, பனைவெல்லம் மாதிரி ஆயிருச்சு."

பூசை மாடம் செய்து கொடுத்து மூன்று வருடம் கழித்து, பர்மாவின் மோல்மீன் கடைத்தெருவில் வைத்து அத்தை ஒருவர் என்னைப் பிடித்துக் கேட்டது இது. சுற்றி நாலு பேர் நின்றார்கள். "வார்னிஷ் அடிச்சா சரியாயிடும் அத்தை" என்று சொல்லி நழுவினேன். பொய்தான். எந்த வார்னிஷாலும் அது சரியாகாது. சிவப்பு மங்கும் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. கடையில் பலகையை இழைத்துக் காட்டும்போது செங்கல் நிறத்தில் பளீரென்று இருந்தது. அதில் மயங்கி வாங்கினேன், அதையே சொல்லி விற்றேன்.

அந்த மாடத்திலிருந்து கணக்குப் போட்டால் பத்து வருடமாக இந்த மரத்தில் வேலை செய்கிறேன். இழுப்பறை, பெட்டி, மாடம், நாற்காலி, ஒரு கல்யாணக் கட்டில். இப்போது யாராவது "செகப்பு மரம் வேணும்" என்று வந்தால் முதலில் உட்கார வைத்து நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இந்த மரத்தைப் பர்மியர்கள் பிடவுக் என்பார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் படாக் என்று எழுதுவார்கள். நம் ஊர்க் கணக்கில் இது வேங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டும் ஒரே பேரினம். செஞ்சந்தனமும் அதே குடும்பம்தான். சித்திரை பிறக்கும் சமயம், தண்ணீர்ப் பண்டிகையை ஒட்டி முதல் மழை விழுந்ததும், மரம் முழுக்க மஞ்சள் பூ பூத்து ஒரே நாளில் உதிர்ந்துவிடும். தெருவில் போகும் பெண்கள் எல்லார் தலையிலும் அன்றைக்கு அதுதான். வள்ளிக்காக முருகன் வேங்கையாக நின்ற கதையைச் சொல்லி, "முருகன் மாடத்துக்கு இந்த மரம்தான் பொருத்தம்" என்று அத்தைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் அவர் தேக்கு வேண்டாம் என்றார்.

எடை பற்றிச் சொல்ல வேண்டும். நன்றாகக் காய்ந்த பிடவுக் ஒரு கன அடி ஏறக்குறைய 15 வீசை இருக்கும், கிலோவில் 24க்கு மேல். தேக்கு 11, 12 வீசைதான் இருக்கும். கடினமோ தேக்கைப் போல் இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கும் பீரங்கி வண்டிக்கும் இதைத் தேடிப் பிடித்ததற்கு நிறமா காரணம்? அடி வாங்கினாலும் சிதறாத மரம். பர்மிய யாழின் உடலையும் இதில்தான் குடைகிறார்கள்.

சரி, வாங்கும் கதைக்கு வருகிறேன். முதல் தடவை நான் ஏமாந்தது இரண்டு விதத்தில். ஒன்று, லாட்டில் பாதிப் பலகை பிடவுக்கே இல்லை, பியிங்காடோ. இரண்டும் சிவந்த பழுப்பு, இரண்டும் கனம், மழை நாளில் மங்கிய வெளிச்சத்தில் அறுத்த தூசியோடு கிடந்தால் ஆசாரிக்கே கண் தப்பும். பியிங்காடோ நல்ல மரம்தான். ரயில் கட்டைக்கும் வீட்டுத் தூணுக்கும் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இழுப்பறைக்கு மட்டும் வேண்டாம். விற்றவர் யார் என்று சொல்லிப் பயனில்லை, இழைத்துப் பார்க்காமல் வாங்கியது என் தப்பு.

இப்போது நான் செய்வது இதுதான். கையில் சின்ன இழைப்புளி கொண்டுபோவேன். பலகையின் ஓரத்தில் இரண்டு சீவல் எடுத்து, வெயிலில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு, டீ ஒன்று குடித்துவிட்டு வந்து பார்ப்பேன். பிடவுக் என்றால் தண்ணீர் தேன் நிறமாகி, சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் ஒரு நீல மினுக்கம் ஓடும். ஊரில் சர்க்கரை வியாதிக்கு வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைப்பார்களே, அதில் தெரியும் அதே நீலம். இந்தக் கூத்தைப் பார்த்து மரக்கடைக்காரர் முதலில் சிரித்தார். இப்போது நான் போனாலே டம்ளரை எடுத்து வைத்துவிடுகிறார்.

இரண்டாவது ஏமாற்றம் ஈரம். "ஒரு வருஷம் காஞ்ச மரம்" என்றார்கள். முனைகளில் பெயின்ட் இல்லை, அடுக்கில் குறுக்குச் சட்டம் இல்லை, தரையோடு தரையாகக் கிடந்தது. அது காய்ந்த மரம் இல்லை, கிடந்த மரம். மோல்மீனில் ஆனி முதல் புரட்டாசி வரை மழை விடாது. ஒரு வருடம் என்பதில் காய்கிற மாதங்கள் ஆறு தேறினால் பெரிது. ஈரமானி இல்லாமல் வாங்குவதை அன்றோடு விட்டேன். இப்போது வாங்கியதும் முனைக்குப் பெயின்ட் அடித்து, ஓர் அங்குலச் சட்டம் வைத்து அடுக்கி, பட்டறைக் கூரைக்கடியில் இன்னொரு கோடையும் கடத்திவிட்டுத்தான் தொடுகிறேன்.

வெளிறு விஷயத்தில் கறாராக இருங்கள். வைரம், அதாவது நடுமரம், சிவப்பு. ஓரத்து வெளிறு மங்கிய வெள்ளை. வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வெளிறோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அதில் பூச்சி விழும். அகலத்தில் இரண்டு அங்குலம் வெளிறு என்றால் அந்த இரண்டு அங்குலத்துக்கும் நீங்கள் வைர விலை கொடுக்கிறீர்கள். அந்த விலையும் சும்மா ஏறியதில்லை. 2000ஆம் ஆண்டு சீனா வெளியிட்ட, 'ஹோங்மு' எனும் விலையுயர்ந்த சிவப்பு மரங்களின் தரப்பட்டியலில் இருந்த 33 மரங்களில் பிடவுக்கும் ஒன்று, இங்கே வளரும் தமலான் மரமும் ஒன்று. பட்டியலில் ஏறிய மரத்தை யார் மலிவாகத் தருவார்? 2014 ஏப்ரல் 1 முதல் உருண்டைக் கட்டை ஏற்றுமதிக்கு இங்கே தடை, 2016இல் பகோ மலைத்தொடரில் பத்து வருடத்துக்கு வெட்டத் தடை போட்டார்கள். காட்டிலாகா முத்திரையும் பில்லும் இல்லாத பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொடுவதில்லை. வழியில் பிடித்தால் மரமும் போகும், வண்டியும் போகும்.

இனி இந்த மரத்தை நான் கும்பிடும் காரணம். என் பட்டறையில் 12 அங்குல அகலத்தில் ஒரு பலகைத் துண்டை ஆணி அடிக்காமல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். மாசியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை அளப்பேன். ஈரமானி மாசியில் 11, 12 சதவீதம் காட்டும், ஆவணியில் 17, 18. அந்த வித்தியாசத்துக்குப் பலகை அகலத்தில் மூன்றரை மில்லிமீட்டர்தான் போய் வருகிறது. ஆரவாட்டில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில், அறுத்த துண்டில் இரண்டைத் தாண்டவில்லை. இவ்வளவு கனமான மரத்துக்கு இது அபூர்வம். ஏறக்குறைய தேக்கின் குணம். கோணலும் கிடையாது. பத்து வருடத்துக்கு முன் செய்த மசாலாப் பெட்டியின் இழுப்பறைகள் என் வீட்டிலேயே இருக்கின்றன. அடைமழையிலும் ஒரு விரலால் இழுத்தால் வருகிறது. பக்கத்தில் வேறு மரத்தில் செய்தது ஆடியில் மூடினால் ஐப்பசியில்தான் திறக்கும்.

ஆனால் வேலை செய்யும்போது இது தேக்கு இல்லை என்பதை மரமே சொல்லிக் கொடுக்கும். நார் ஒரு பக்கமாக ஓடாது. ஒரு விரல் அகலத்துக்கு இப்படி, அடுத்த விரலுக்கு அப்படி. தேக்கை இழைக்கும் கையோடு இழைப்புளியை ஓட்டினால் ஒரு பட்டை கண்ணாடி மாதிரி வரும், பக்கத்துப் பட்டை பிய்ந்து குழி குழியாக நிற்கும். திருப்பிப் போட்டு இழைத்தால் குழி இடம் மாறும், அவ்வளவுதான். எனக்குக் கை கொடுத்தது மூன்று: தகட்டை ஒரு தலைமுடி கனத்துக்கு மேல் போகாமல் கம்மியாக நீட்டுவது, வழக்கத்தைவிட நிமிர்ந்த கோணத்தில் தகடு வைத்த இழைப்புளி, கடைசியில் சுரண்டு தகடு. உப்புத்தாளுக்குப் போவதற்கு முன்பே சுரண்டு தகட்டில் பாதி வேலை முடிந்துவிட வேண்டும். தேக்கில் உளி மழுங்குவது மரத்துக்குள் இருக்கும் மணல் சத்தால். இதில் வெறும் கடினத்தால். தேக்கில் இருபது பொளிக்கு (மூட்டுக்கான குழி) ஒரு தடவை கல்லில் தீட்டினேன் என்றால், இங்கே எட்டுக்கு ஒரு தடவை.

மூட்டு போடுவதில் ஒரு பாடம் ரொம்பச் செலவோடு கற்றேன். தேக்கில் கழுந்தை, அதாவது பொளிக்குள் நுழையும் முனையை, ஒரு மயிரிழை பெரிதாக விட்டு, கொட்டாப்புளியால் தட்டி இறக்குவோம். மரம் கொஞ்சம் நசுங்கி இடம் கொடுக்கும், மூட்டு கெட்டியாகும். கட்டில் காலில் அதே மாதிரி தட்டினேன். மூன்றாவது தட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம், உலர்ந்த கிளை ஒடிகிற மாதிரி. பொளியின் கன்னம் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. அந்தக் கால் விறகாகவில்லை, என் பட்டறைக் கதவுக்குக் கைப்பிடியாக இருக்கிறது. இதில் கழுந்து கையால் அழுத்தினால் போக வேண்டும், கடைசி கால் அங்குலத்துக்கு மட்டும் இரண்டு மெல்லிய தட்டு. டவ்டெயில் எனும் புறாவால் மூட்டும் அப்படியே. ஒரு கோடு தள்ளி அறுத்தால் மன்னிக்காது. ஆனால் சரியாக விழுந்தால், அந்த முனை வருடக்கணக்கில் கூராகவே நிற்கும். திருகாணிக்கு முதலில் துளை போடாமல் முறுக்கினால் ஆணித் தலைதான் கையோடு வரும்.

இந்த ஊரில் மின்சாரம் எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. பாதி அறுப்பில் வாள் நின்று போய் பல்லில் மரம் கவ்விக்கொண்ட அனுபவம் எல்லாருக்கும் உண்டு. பிடவுக்கில் அது நடந்தால் அறுத்த இடம் கருகி நிற்கும். அதனால் முக்கியமான வெட்டு எல்லாம் கைவாள்தான் எனக்கு.

இன்னொரு விஷயம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு பெட்டி மூடியில் குமிழ் மரத்தில் வெள்ளைக் கோடு பதித்தேன். பார்க்க ஜோராக இருந்தது. உப்புத்தாள் போட்டதும் சிவப்புத் தூள் வெள்ளைக் கோட்டின் கண்களில் ஏறி ரோஜா நிறமாக்கிவிட்டது. துடைக்கலாமே என்று ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஒரு இழு. முடிந்தது கதை. இந்தச் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். கோடு முழுக்கக் குங்குமம் கொட்டியது போல் ஆனது. அவலரக்கு பாலிஷும் ஸ்பிரிட்டில் கரைத்ததுதானே, அதுவும் அப்படித்தான் செய்யும். இப்போது வெள்ளை மரம் பதித்தால், பதிக்கும் முன்பே அதன் மேல் மெல்லிசாக ஒரு கோட்டிங் கொடுத்து மூடிவிடுகிறேன். பதித்த பிறகு சுரண்டு தகடு மட்டும், தூளை ஊதித் தள்ளிவிட்டு, முதல் பாலிஷை மரத்துக்கு ஒரு திசையில் மட்டும். முன்னும் பின்னும் தேய்ப்பது இல்லை.

தூள் உடம்புக்கும் ஆகாது. மூக்கு அரிக்கும், கண் எரியும், வியர்வையோடு சேர்ந்து சட்டைக் காலர் காவி நிறமாகும். வீட்டில் என் சட்டைகளைத் தனியாக ஊற வைக்கிறார்கள். முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள்.

அப்புறம் அந்த நிறம். வெளிச்சம் பட்ட இடம் முதல் வருடத்திலேயே இறங்க ஆரம்பிக்கும். செங்கல், பிறகு கறுத்த பனைவெல்லம், பிறகு பொன் கலந்த பழுப்பு. வெயிலைத் தடுக்கும் வார்னிஷ் அடித்தால் கொஞ்சம் மெதுவாகும், நிற்காது. படங்களில் ரத்தச் சிவப்பாகக் காட்டுவார்கள், அதில் பாதி ஆப்பிரிக்க படாக். அதுவும் பழுப்பாகத்தான் போகும். எனக்கு இப்போது அந்தப் பழுப்புதான் பிடிக்கிறது. புதுச் சிவப்பில் ஒரு கடை பொம்மை வாடை இருக்கிறது. இது என் ரசனை, வாங்குகிறவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

போன பங்குனியில் அத்தை வீட்டு மாடத்தின் கதவுக் கீல் இறங்கிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். பத்து வருட எண்ணெய்ப் புகை, மழை. ஒரு மூட்டும் வாய் திறக்கவில்லை. கதவைக் கழற்ற வசதியாக உள்ளே இருந்த முருகன் படத்தை எடுத்தேன். படம் இருந்த இடத்தில் பின்பலகையில் சதுரமாக, நான் இழைத்த அன்றைய சிவப்பு அப்படியே இருந்தது. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா இங்கதான் ஒளிஞ்சிருந்துச்சா" என்றார். "படத்த அதே எடத்துல மாட்டிரு தம்பி, ஒரு நூலு தள்ளக் கூடாது."

மாட்டினேன். கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தேன். கூலி வாங்கவில்லை.