ரேடியா பெர்ல்மனின் ஸ்லாட் மெஷின்: அட்டை செருகினால் ஓடும் ரோபோ

எழுதப் படிக்கத் தெரியாத வாண்டுகளும் ரோபோவை ஓட்டட்டும் என்று 1970களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், சிறுவர்களுக்கான 'லோகோ' நிரல்மொழி ஆய்வகத்தில் கணினி அறிஞர் ரேடியா பெர்ல்மன் செய்த கருவி.

அவரது முந்தைய கருவியான பட்டன் பெட்டியில், அதன் நினைவில் ஏற்றிய கட்டளை கண்ணுக்குத் தெரியாது. ஸ்லாட் மெஷினில் அந்தக் குறை இல்லை. செருகு துளைகள் கொண்ட வண்ண வரிசையில் 'முன்னே', 'வலம்' பிளாஸ்டிக் அட்டைகளைச் செருகிப் பொத்தானை அழுத்தினால், தரையிலுள்ள டர்ட்டில் (ஆமை) எனும் ரோபோ அப்படியே செய்யும். ஓடும் அட்டையருகே விளக்கு எரிவதால் பிழை எங்கே என்று உடனே பிடிபடும். அருமையான யோசனை!

சிவப்பு அட்டை, சிவப்பு வரிசையை அழைக்கும், அதாவது ஓட வைக்கும். அதைச் சிவப்பு வரிசையின் கடைசியிலேயே வைத்தால் ரோபோ ஓயாது. ஒரு நிரல் தன்னையே அழைக்கும், கல்லூரியில் திணறடிக்கும் ரிகர்ஷன் இதுதான். வரிசையில் இடம் தீர்ந்தால் மட்டும் சிக்கல்: மிச்சத்தை வேறு நிற வரிசைக்கு மாற்றி, அதன் அட்டையைக் கடைசியில் செருக வேண்டும்.