முதலமைச்சருக்கு மனு: 1100-உம் இணையதளமும் செட்டிநாட்டுக்காரருக்கு எந்த அளவு உதவும்?

பட்டா பெயர் மாறவில்லை, முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது, ஊருணிக்கு வரும் வரத்துக்காலை யாரோ மண் போட்டு மறித்துவிட்டார்கள். எது நடந்தாலும் காரைக்குடிப் பக்கம் கேட்கிற யோசனை ஒன்றுதான்: "சி.எம். செல்லுக்கு ஒரு மனுவைப் போட்டு விடுங்கண்ணே." சி.எம். செல் என்பது முதலமைச்சருக்கு வரும் மனுக்களைப் பெறும் பிரிவு. போடலாம். ஆனால் எதற்குப் போட்டால் வேலை நடக்கும், எதற்குப் போட்டால் நாள்தான் ஓடும் என்று தெரிந்து போட வேண்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முடிவெடுக்காமல் கிடப்பில் கிடக்கிற கோப்பை நகர்த்த இதைவிடச் செலவில்லாத வழி இல்லை. அதிகாரி ஏற்கெனவே எதிராக முடிவெடுத்துவிட்ட விவகாரத்தில் இதனால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை.

இந்தச் சேவையின் பெயர் அவ்வப்போது மாறும். நெடுங்காலம் 'முதலமைச்சரின் தனிப்பிரிவு' என்று இருந்தது, இன்றும் மக்கள் வாயில் அதுதான். 2016 ஜனவரியில் 1100 என்ற தொலைபேசி எண்ணோடு 'அம்மா அழைப்பு மையம்' வந்தது. 2021-இல் தனிப்பிரிவு, உதவி மையம், இணையதளம் எல்லாவற்றையும் ஒன்றாக்கி 'முதல்வரின் முகவரி' என்று தனித்துறையே அமைத்தார்கள். பலகையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று குழம்ப வேண்டாம், 1100 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும். தபாலில் அனுப்புகிறவர்கள் முதலமைச்சரின் தனிப்பிரிவு, தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை 600 009 என்று எழுதலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவும் இதே கணினி முறையில்தான் பதிவாகிறது.

பலருக்கு மனம் நோகிற இடம் ஒன்று உண்டு. சென்னைக்குப் போன மனு சில நாளில் அதே வட்டாட்சியர் மேசைக்கு, அங்கிருந்து அதே கிராம நிர்வாக அலுவலர் கைக்குத் திரும்பி வரும். 'யார் மேல் புகார் சொன்னோமோ அவரிடமே விசாரிக்கச் சொல்கிறார்களே' என்ற ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் இதற்குக் காரணம் முதலமைச்சர் பதவி அமைந்திருக்கும் விதம். அரசியலமைப்பின் 164-ஆம் பிரிவுப்படி ஆளுநர் அவரை நியமிக்கிறார், மற்ற அமைச்சர்கள் அவருடைய ஆலோசனைப்படி நியமிக்கப்படுகிறார்கள். 166-ஆம் பிரிவுப்படி அரசின் நிர்வாக ஆணை எல்லாம் ஆளுநர் பெயரில் வெளிவரும். எந்த அரசாணையையும் எடுத்துப் பாருங்கள், 'ஆளுநரின் ஆணைப்படி' என்று முடித்து அரசுச் செயலர்தான் கையெழுத்திட்டிருப்பார். கொள்கை, நிதி, அதிகாரிகள் மீதான மேற்பார்வை, எந்தத் துறை யாரிடம் என்பதெல்லாம் முதலமைச்சர் கையில். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று போன்றவற்றைத் தரும் அதிகாரத்தைச் சட்டமும் விதிகளும் குறிப்பிட்ட அதிகாரியிடம் கொடுத்திருக்கின்றன. அவர் இடத்தில் உட்கார்ந்து முதலமைச்சர் ஆணை போட முடியாது. பீகாரில் ஒரு கூட்டுறவு வங்கி நிர்வாகக் குழுவின் காலத்தை முதலமைச்சர் நீட்டித்தபோது, சட்டம் தராத அதிகாரம் அவருக்கு இல்லை என்று 1984-இல் சந்திரிகா ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வரலாற்றைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக சுப்பராயலு ரெட்டியார் பொறுப்பேற்றபோது இரட்டையாட்சி முறை. கல்வி, ஸ்தல ஸ்தாபனம் (உள்ளாட்சி), சுகாதாரம் போன்றவை மந்திரிகளிடம். நிலவரி, போலீஸ், நிதி ஆகியவை கவர்னரின் நிர்வாக சபையிடம். அதாவது நில விவகாரத்தில் அன்றைய முதல் மந்திரிக்கு அதிகாரமே கிடையாது. 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேர்தல் நடந்து 1937 ஜூலையில் ராஜாஜி பதவியேற்ற பிறகுதான் எல்லாத் துறைகளும் மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரிகளிடம் வந்தன. அப்போது அந்தப் பதவிக்குப் பிரதம மந்திரி என்றே பெயர். முதலமைச்சர் என்பது 1950 குடியரசு அரசியலமைப்போடு நிலைத்தது.

அதன்பின் முதலமைச்சர்கள் நிலத்தில் செய்த பெரிய மாற்றங்கள் எல்லாம் சட்டத்தின் வழியே வந்தவை, மனுவின் மேல் எழுதிய குறிப்பால் வந்தவை அல்ல. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் வந்த 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. காரைக்குடி வட்டாரம் சிவகங்கை ஜமீனாக இருந்தது அதோடு முடிந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியம் (கிராமத் தலைவர்) பதவிகளை அவசரச் சட்டத்தால் நீக்கியது. அவர்கள் இடத்துக்குத் தேர்வு எழுதி வந்தவர்களே இன்றைய கிராம நிர்வாக அலுவலர்கள். உங்கள் மனு கடைசியாகப் போய்ச் சேரும் நாற்காலி ஒரு முதலமைச்சரின் சட்டத்தால் உண்டானது என்பதை மறக்கக் கூடாது. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி இருந்தது. 1988-இல் தொடங்கியது ஏறக்குறைய ஓராண்டு நீடித்தது. முதலமைச்சரே இல்லாத அந்த மாதங்களிலும் தாலுகா அலுவலகங்கள் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன.

இனி, செட்டிநாட்டுக்காரர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருவோம். செட்டிநாடு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு மாவட்டம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் ஆகியவை சிவகங்கை மாவட்டம், காரைக்குடி வட்டம். ராயவரம், அரிமளம், கடியாபட்டி ஆகியவை புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டம். பொன்னமராவதியும் புதுக்கோட்டையில்தான். சென்னையில் இருந்துகொண்டு பிள்ளைகள் விண்ணப்பம் போடும்போது 'எல்லாம் காரைக்குடிதானே' என்று சிவகங்கையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். மனு சுற்றிவிட்டு 'இம்மாவட்டத்துக்குத் தொடர்பில்லை' என்று முடிக்கப்பட்டு வரும். ஆவணங்களின் வரலாறும் வேறு வேறு. திருமயம் பக்கம் 1948 மார்ச் வரை புதுக்கோட்டை சமஸ்தானம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய பத்திரத்தில் இராமநாதபுரம் ஜில்லா என்றுதான் இருக்கும், ஏனென்றால் சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல். பழைய பத்திரத்தில் உள்ள ஜில்லாவையோ பழைய சர்வே எண்ணையோ அப்படியே மனுவில் எழுதினால் யாராலும் தேட முடியாது. இன்றைய மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு இவற்றை அரசின் இ-சேவைத் தளத்தில் சிட்டா, அ-பதிவேடு ஆகிய நில ஆவணங்களைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயரும் நாம் ஊரை அழைக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மனுவின் உடல் பத்து வரியைத் தாண்டக் கூடாது. ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. முதல் வரியிலேயே எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்பது வந்துவிட வேண்டும்: 'இன்ன தேதியில், இன்ன எண்ணில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தேன், இன்று வரை ஆணை இல்லை, ஏற்றோ மறுத்தோ ஆணை பிறப்பிக்க வேண்டும்.' அடுத்து புல எண், பட்டா எண், பத்திர எண், பத்திரப் பதிவு ஆண்டு. பாட்டையா காலத்துக் கதை வேண்டாம். கதை நீண்டால் விசாரிக்கிற அதிகாரி அதில் பதில் சொல்லச் சுலபமான ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிட வழி கிடைத்துவிடும். முன்பு விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் இணையுங்கள். முறையான விண்ணப்பமே போடாமல் நேராக முதலமைச்சருக்கு எழுதினால், 'உரிய ஆவணங்களுடன் பொதுச் சேவை மையத்தில் விண்ணப்பிக்கவும்' என்பதுதான் பதிலாக வரும்.

துறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுதியான மனுக்கள் கெட்டுப்போகின்றன. நீர்நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணி ஊரைப் பொறுத்து மாநகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று மாறும், சில கோயில் பெயரில் இருக்கும். ஆக்கிரமிப்பை அளந்து காட்டுவது வருவாய்த் துறை, அகற்ற வேண்டியது நீர்நிலையை வைத்திருக்கும் துறை. எனவே இரண்டு மனு. முதலில் 'அளந்து எல்லை காட்டுக' என்று வருவாய்த் துறைக்கு, அளவீடு முடிந்ததும் அந்த வரைபடத்தோடு 'அகற்றுக' என்று உரிய துறைக்கு. ஒரே மனுவில் இரண்டையும் கேட்டால் ஒவ்வொரு துறையும் மற்றதைக் கை காட்டும். முதியோர் உதவித்தொகைக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். மின்சாரத்துக்கு இந்த வழியே வேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 போதும்.

பங்காளி வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு தெருவுக்கு நீண்டு கிடக்கும் ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு, அதாவது தனித்தனிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும், சிலர் மலேசியாவில், சிலர் சிங்கப்பூரில். எல்லாப் பங்குதாரரின் வாரிசுச் சான்றும் சம்மதமும் இல்லாமல் பட்டாவில் பெயர் மாற்ற முடியாது, எத்தனை மனு போட்டாலும் அது மாறாது. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றுப் பவர் பத்திரம் அனுப்பினால், அது இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதைத் தவறவிட்டு மறுபடி எழுதி வாங்குகிற குடும்பங்கள் நிறைய. பங்கில் தகராறு இருந்தால் வருவாய் அதிகாரி உரிமையை முடிவு செய்ய மாட்டார், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். அந்தப் பதில் சட்டப்படி சரியானது. வழக்கு நிலுவையில் இருந்தால் மனுவே எடுபடாது.

பதில் வந்ததும் 'முடிக்கப்பட்டது' என்ற சொல்லைக் கண்டு மனம் தளர வேண்டாம். மனு முடிந்தது என்றுதான் அதற்குப் பொருள், வேலை முடிந்ததாகப் பொருள் இல்லை. இந்தச் சேவையின் ஆகப் பெரிய குறை இதுதான். ஏற்றதும், மறுத்ததும், வேறு துறைக்குக் கைகாட்டியதும் ஒரே கணக்கில் முடிந்துபோகின்றன. பதிலின் முழு வாசகத்தைத் தளத்தில் திறந்து படியுங்கள். 'விசாரணையில் உள்ளது' என்றால் ஒரு மாதம் பொறுத்து மறுபடி 1100. பழைய மனு எண்ணைச் சொல்லுங்கள், புதிதாக முதலிலிருந்து தொடங்க வேண்டாம். உண்மையிலேயே மறுப்பு ஆணை வந்திருந்தால் மனுவை விட்டுவிட்டு மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும். 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி முதலில் வருவாய்க் கோட்டாட்சியர் (காரைக்குடி வட்டத்துக்குத் தேவகோட்டையில்), அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலர். மனுவின் பதிலுக்காகக் காத்திருந்து மேல்முறையீட்டுக் கெடுவைக் கோட்டைவிட்டவர்களுக்குத்தான் இந்தச் சேவையால் நட்டம். பதில் மழுப்பலாக இருந்தால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'இம்மனு மீது நடத்திய விசாரணை அறிக்கையின் நகல்' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும்.

1100, தளம், திங்கட்கிழமை மூன்றில் எது நல்லது? நேரில் போக முடிகிறவர்களுக்குத் திங்கட்கிழமை, ஏனென்றால் எந்தத் துறை என்பதை அங்கேயே பிரித்துவிடுகிறார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குத் தளம். தொலைபேசியை மனுவின் நிலை கேட்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாயால் சொல்லும் புல எண் தப்பாகப் பதிவாவது உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஜமாபந்தியையும் (வருவாய்க் கிராமக் கணக்குத் தணிக்கை) விட்டுவிடாதீர்கள், சிறிய பட்டாப் பிழைகளுக்கு அது இவை மூன்றையும்விடச் சீக்கிரம்.

காமராசரின் பேர்பெற்ற 'ஆகட்டும் பார்க்கலாம்' என்ற வாக்குக்குக் காத்திருந்த தலைமுறைக்கு அது நடந்ததா என்று கேட்க எண் கிடையாது. இப்போது எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, யார் மேசையில் இருக்கிறது என்று பார்க்க முடிகிறது. அதற்காகவே ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குறுஞ்செய்தியில் வரும் அந்த எண்ணில் துறையின் சுருக்கமும் மாவட்டத்தின் சுருக்கமும் இருக்கும். வந்த அன்றே அவை இரண்டும் சரியா என்று பாருங்கள். தவறாக இருந்தால் மறுநாளே 1100-க்கு அழைத்துத் திருத்தச் சொல்லுங்கள், முப்பது நாள் கழித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.