பகலில் தனி வகுப்பா, மாலையில் விடுதி உதவியா?

டிஸ்லெக்சியாவோ (வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வரும் சிரமம்) ஏ.டி.எச்.டி.யோ (கவனம் நிலைக்காமை, துறுதுறுப்பு) உள்ள பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சேர்ப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி, எந்த மாதிரி உதவி உள்ள பள்ளி என்பது. இரண்டும் கலந்த என் மகனுக்காகத் தேடியபோது கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு பள்ளிகள். ஒன்றில் வாரத்தில் பல நாட்கள், பகலில் வகுப்பிலிருந்து தனி அறைக்கு அழைத்துப்போய்ச் சொல்லித்தரும் ஸ்பெஷல் எஜுகேட்டர்கள் இருந்தார்கள். இன்னொன்றில் பகல் உதவி சுமார்தான். ஆனால் மாலைப் படிப்பு நேரத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் விடுதியிலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

இதற்கென்றே நடக்கும் விடுதிப் பள்ளிகளும் உண்டு. அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய கவ் பள்ளியும், 1971இல் தொடங்கிய லேண்ட்மார்க் பள்ளியும் இந்த வகையில் பெயர் பெற்றவை. பணமும் தூரமும் தடையில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகலாம். மற்றவர்களுக்கு மேலே சொன்ன இரண்டில் ஒன்றுதான்.

பகல் தனி வகுப்பின் பலம் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுத்தருவதில் இருக்கிறது. ஆர்ட்டன், கில்லிங்ஹாம் இருவரின் பெயரால் 1930களிலிருந்து வழங்கும் முறையையும் அதிலிருந்து கிளைத்தவற்றையும் பாருங்கள்: ஒலியையும் எழுத்தையும் கண், காது, கை மூன்றாலும் இணைத்து, படிப்படியாக, சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். களைத்துப்போன பிள்ளையிடம் மாலையில் இது எடுபடாது. அதனால் சொற்களைக் கூட்டி வாசிக்கவே திணறும் சிறு வயதுப் பிள்ளை என்றால், நான் தேர்ந்தெடுத்ததைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பகல் வகுப்புதான் சரி. எந்தப் பாடவேளையிலிருந்து பிள்ளையை எழுப்பிப் போகிறார்கள் என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஓவியமோ விளையாட்டோதான் பலியாகும். அவன் தலைநிமிர்ந்து நிற்பதே அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்றாலும் பறித்துவிடுவார்கள்.

மெதுவாகவாவது வாசிக்கத் தெரிந்த, நடுநிலை வகுப்புப் பிள்ளைக்கு விஷயம் வேறு. அவன் சிக்குவது மாலையில். வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும் விடுதிப் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசமே அங்கேதான். வீட்டில் நாம் உதவி என்றே நினைக்காமல் செய்பவை எத்தனை! கேள்வியை ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டுகிறோம். நாளைக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்று ஞாபகப்படுத்துகிறோம். "முதல்ல கணக்கை முடி, அப்புறம் மத்ததைப் பார்க்கலாம்" என்று வேலையைக் கூறு போட்டுத் தருகிறோம். விடுதியில் இத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகிறது. பெரிய ஹாலில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து படிக்க வேண்டும். பக்கத்துப் பையனிடம் கேட்டால் ஒழுங்கு மீறல். கேள்வி புரியாத பிள்ளை அந்த நேரம் முழுக்க ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். காலையில் "ஹோம்வொர்க் செய்யவில்லை" என்ற புகார் வரும்.

மருந்துக் கணக்கும் இங்கேதான் இடிக்கிறது. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் மருந்தில் உடனே வேலை செய்யும் வகை ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். நீண்ட நேர வகைகள் 8 முதல் 12 மணி நேரம் வரை. காலை உணவோடு போட்டுக்கொண்டது மாலைப் படிப்பு மணி அடிக்கும்போது இறங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு வேளை கொடுத்தால் தூக்கம் கெடலாம் என்பதால் மருத்துவர்கள் தயங்குவார்கள். ஆக, கவனம் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் பிள்ளையிடம் கையிருப்பு குறைவு. பகலில் எத்தனை திறமையான ஆசிரியர் இருந்தாலும் அவர் அப்போது வீட்டுக்குப் போயிருப்பார்.

எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் அப்படித்தான். பகலில் லேப்டாப்பை அனுமதிக்கும் பள்ளியிலேயே, மாலையில் எல்லாக் கருவிகளையும் வாங்கிப் பூட்டிவைக்கும் விதி இருக்கலாம். விதி நல்லதுதான், இந்தப் பிள்ளைக்கு விலக்கு உண்டா என்பதுதான் கேள்வி. பரிட்சையிலும் இது எதிரொலிக்கும். பிரிட்டனில் தேர்வுக்கு 25 சதவீதக் கூடுதல் நேரமோ கணினியோ கேட்டால், அது மாணவரின் வழக்கமான வேலைமுறையாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். அந்த விதி இல்லாத இடத்திலும், பழக்கமில்லாத சலுகையைத் தேர்வறையில் திடீரென்று கையில் கொடுத்துப் பயன் என்ன?

பள்ளியைப் பார்க்கப் போகும்போது உதவி அறையின் வண்ணப் படங்களைக் காட்டுவார்கள். அதைவிட வார்டனிடம் இரண்டு நிமிடம் பேசுவது மேல். பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கமாவது அவர் கைக்கு வருமா? படிப்பு நேரத்தில் வேலை முடியாவிட்டால் என்ன செய்வார்? "தூங்கப்போகும்வரை உட்கார வைப்போம்" என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் எடுத்த பக்கத்தின் பலவீனம், அது ஒரு ஆளை நம்பி நிற்பது. மாலையில் உட்காருபவர் வேலையை விட்டுப் போனால் ஏற்பாடே போச்சு. பகல் உதவிக்கு ஒரு அறை, கால அட்டவணை, பதவி என்று இருப்பதால் அது அவ்வளவு சுலபமாகக் கலையாது. எண்களிலும் கணக்கிலும் வரும் சிரமமான டிஸ்கால்குலியா பற்றி எனக்கு அனுபவம் இல்லை. எண்களின் அடிப்படையே பிடிபடாத பிள்ளைக்குப் பகல் வகுப்புதான் பொருந்தும் என்று தோன்றுகிறது, அடித்துச் சொல்ல மாட்டேன். மேல் வகுப்புக்குப் போகும்போது இந்த மாலைத் துணையை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதும் இன்னும் எங்கள் முன்னால் இருக்கிற கேள்விதான். இப்போதைக்கு, வேலையைக் கூறு போடுவதை அவனிடமே விட்டுவிட்டு, கடைசியில் சரிபார்ப்பதை மட்டும் மாலையில் உட்காருபவர் வைத்துக்கொண்டிருக்கிறார்.