மாரிக்கு முன் வாங்கிய நீலப் பரல்: ஓர் எச்சரிக்கை

மாரி தொடங்குமுன் குடிநீர் சேமிப்பதற்காகப் பாவித்த பிளாஸ்டிக் பரல் வாங்க நினைப்பவர்கள், அதிலும் மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரையான கரையோரத்தில் இருப்பவர்கள், 2024 ஆம் ஆண்டில் எனக்கு நேர்ந்ததை வாசித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். 1978 நவம்பர் 23 இல் அடித்த சூறாவளியைக் கண்ட என் அம்மா, கார்த்திகை பிறப்பதற்குள் பானை குடமெல்லாம் நிரப்பி மூடி வைக்காமல் ஓயமாட்டார். ஆழிப்பேரலைக்குப் பிறகு கிணறு உவர்த்துப்போய், தண்ணீர்ப் பவுசர் வரும் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்த நாட்களை நானும் மறக்கவில்லை. எங்களுடையது மணல் நிலம். வெள்ளம் ஏறினால் மலசலகூடக் குழியின் நீரும் கிணற்று நீரும் கலந்துவிடும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் வீதம் 14 நாட்களுக்கு 280 லீற்றர் என்று கணக்கிட்டு, 210 லீற்றர் பரல் ஒன்றும் 25 லீற்றர் கலன் மூன்றும் வாங்கத் தீர்மானித்தேன்.

கடைக்காரர் காட்டிய பரல் மேற்பக்கம் முழுவதும் மூடியிருக்க, இரண்டு சிறிய திருகுமூடிகள் மட்டும் உள்ள வகையைச் சேர்ந்தது. உள்ளே கை விட முடியாது. எட்டிப் பார்த்தாலும் இருட்டுத்தான் தெரியும். மூடியைத் திறந்தபோது எலுமிச்சை வாசம் வந்தது. கழுவி வைத்திருக்கிறார்கள் என்று நான் மகிழ்ந்துபோனேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. “ஊறுகாய் வந்த பரல் சேர், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க” என்று சொன்னவர், அடிப்பக்கத்தைத் திருப்பி, முக்கோணத்துக்குள் 2 என்று பொறித்திருந்த அடையாளத்தையும் சாப்பாட்டுப் பரலுக்கான முத்திரை என்று காட்டினார். நம்பினேன். பரலுக்கும் கலன்களுக்குமாக 9,500 ரூபாய் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, புத்தகம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

அந்த 2 என்ற எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. அடர்த்தி கூடிய பொலித்தீனில் வார்த்த எந்தப் பாத்திரத்திலும் அது இருக்கலாம்; பால் வந்த கலனிலும் இருக்கும், மலசலகூடம் கழுவும் திராவகம் வந்த கலனிலும் இருக்கும். உணவுக்கு ஏற்ற பாத்திரங்களில் கிண்ணமும் முள்ளுக்கரண்டியும் சேர்ந்த வேறொரு சின்னம் இருப்பதுண்டு. ஆனால் அதுகூடப் பாத்திரம் வார்க்கப்பட்டபோது இருந்த தகுதியைத்தான் காட்டும். பிறகு யார் எதை ஊற்றினார்கள் என்பதைக் காட்டாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து சவர்க்கார நீரால் கழுவி, வெளிற்றும் திரவம் (பிளீச்) கலந்த நீர் விட்டுக் குலுக்கியபோது கண் எரிந்தது. குளோரின் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு அலசிக் குடிநீர் நிரப்பி வைத்தேன். நிரப்பிய மூன்றாம் வாரம், நவம்பர் கடைசியில், வெள்ளம் முற்றத்துக்கு ஏறி மின்சாரமும் நின்ற நாளில்தான் பரலைத் திறந்தோம். முதற்குவளையை வாயருகே கொண்டுபோன அம்மா, “மனே, இது சவர்க்காரத் தண்ணி” என்று கீழே வைத்துவிட்டார். திருகுமூடியின் ரப்பர் வளையத்தை நகத்தால் கிளப்பியபோது அதன் அடியில் மஞ்சள் நிறத்தில் களி போன்ற ஒன்று வழுவழுப்பாக அப்பியிருந்தது. பரலின் பக்கத்தில் சுரண்டியெடுத்த லேபிளின் ஒரு மூலையும் தப்பியிருந்தது: சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள், துளி விழுந்து அரிக்கும் கை. அரிக்கும் இரசாயனத்துக்கு உலகெங்கும் இடுகிற அடையாளம் அது.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியவை அம்மாவின் இரண்டு பானைகளும், பக்கத்து வீட்டார் தந்த போத்தல்களுமே.

வெள்ளம் வடிந்தபின் எங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டினேன். பிளாஸ்டிக் இரசாயனத்தை உள்ளிழுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் விடும் என்றும், கொதிக்க வைப்பதும் குளோரின் இடுவதும் கிருமிகளைத்தான் கொல்லும், இப்படிப்பட்ட இரசாயனத்தை அகற்றாது என்றும் விளக்கினார். அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று: பரலில் அமிலம் எஞ்சியிருந்தால், அதன்மேல் வெளிற்றும் திரவம் பட்டதும் குளோரின் வாயு கிளம்பும். என் கண் எரிந்ததற்குக் காரணம் அதுவாகவும் இருந்திருக்கலாம்.

கடைக்காரர் பரலைத் திருப்பி எடுக்கவில்லை. தாம் விற்றதே அல்ல என்றார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். நான் அன்றைக்கே அதை வற்புறுத்தியிருந்தால், அல்லது கடையில் நின்றபடியே அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்திருந்தால், கையில் ஏதாவது இருந்திருக்கும்.

இப்போது நாங்கள் புதிய, வாய் அகன்ற கலன்களையே வைத்திருக்கிறோம். கழுவிய கலனுக்குள், வாசனை சேர்க்காத வெளிற்றும் திரவத்தில் ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் நீரில் கலந்து ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி குலுக்கி, அரை நிமிடத்துக்குமேல் விட்டுக் கொட்டி, நல்ல நீரால் அலசிய பின்பே குழாய் நீரை நிரப்புகிறோம். நிரப்பிய திகதியை மூடியில் எழுதி, வெயிலும் மண்ணெண்ணெயும் அண்டாத இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். செலவு கூடத்தான், பாதி அளவுதான் சேர்க்க முடிந்திருக்கிறது.

நீலப் பரல் இன்னும் வேலியோரம் கவிழ்ந்து கிடக்கிறது. யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. பங்குனி வெயில் ஏறும் மத்தியானங்களில் அந்தப் பக்கம் போனால், எலுமிச்சை வாசம் இன்றைக்கும் வருகிறது.