கையிலா, கழுத்திலா: டயலிசிஸுக்கு எந்தக் குழாய்?

நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்கிற என் பெரியப்பாவிடம், சிறுநீரகம் பழுதாகிறது, இன்னும் சில மாதங்களில் மெஷினால் குருதியைச் சுத்தம் செய்கிற டயலிசிஸ் தொடங்க வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னார். குருதியை மெஷினுக்கு எடுக்க, கையில் இரண்டு குருதிக் குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா செய்யலாம், கிராஃப்ட் என்ற செயற்கைக் குழாய் வைக்கலாம், அவசரமென்றால் கழுத்தில் கதீற்றர் என்ற பிளாஸ்ரிக் குழாய் போடலாம் என்றும் சொன்னார். பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: "எந்தக் கையில டொக்டர்? வலக்கை எனக்கு மண்வெட்டி பிடிக்க வேணும்."

அன்றிலிருந்து இந்த மூன்றைப் பற்றியும் தேடித் தேடிப் படித்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரமும் நல்ல நாளமும் (குருதியை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) இருக்கிறவருக்குப் பிஸ்டுலாதான்.

மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் குருதியை இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. கையில் தெரிகிற பச்சை நாளத்தால் அவ்வளவு கொடுக்க முடியாது. புவாஸோய் என்ற பிரெஞ்சு மருத்துவர், குருதி ஓட்டத்தை அறிய மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்தவர். 1840களில் அவர் வெளியிட்ட கணக்கின்படி, அமுக்கம் மாறாமல் குழாயின் விட்டம் மட்டும் பாதியானால், சீராக ஓடும் திரவம் 16இல் ஒரு பங்காகிவிடும். அதனால் அகலமான, திரும்பத் திரும்பக் குத்தக்கூடிய குழாய் ஒன்று வேண்டும். அது இல்லாத காலத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு நாடியையும் (இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுவரும் குழாய்) நாளத்தையும் வெட்டித் திறந்தார்கள். சில முறைக்குப் பிறகு வெட்ட இடம் இருக்காது. 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாற்றிலில் ஸ்கிரிப்னர் என்ற டொக்டர், கிளைட் ஷீல்ட்ஸ் என்ற நோயாளியின் கையில் டெஃப்லான் என்ற பிளாஸ்ரிக் குழாய்களைப் பொருத்தி, வெளியே வளைத்து இணைத்துவிட்டார். ஷீல்ட்ஸ் அதற்குப் பிறகு 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பிஸ்டுலாவில் வெளிப்பொருள் ஒன்றுமே இல்லை. மணிக்கட்டில் நாடியையும் பக்கத்து நாளத்தையும் தைத்து இணைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். பிரெசியா, சிமினோ என்ற டொக்டர்களின் குழுவினர் 1966இல் இதை வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது. நாடியின் வேகத்தோடு குருதி நாளத்துக்குள் பாய, நாளத்தின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் அந்த உரசலை உணர்ந்து, குழாயை விரியச் சொல்கின்றன. சுவரும் தடிக்கிறது. எந்தத் தொழிற்சாலைக் குழாயும் தனக்குள் ஓடும் நீரைப் பார்த்துத் தன்னைப் பெருப்பித்துக்கொள்வதில்லை. ஆறு வாரமளவில் 6 மில்லிமீற்றர் விட்டம், நிமிடத்துக்கு 600 மில்லிலீற்றர் ஓட்டம், தோலிலிருந்து 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத ஆழம் என்று பார்ப்பார்கள். சிலருக்கு மாதங்கள் எடுக்கும்.

ஆனால் எல்லாப் பிஸ்டுலாவும் தேறுவதில்லை. அமெரிக்காவில் 877 பேரை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வில், குருதி உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் அடைபடுவது 19.5 வீதத்திலிருந்து 12.2 வீதமாகக் குறைந்தது. ஆனாலும் மாத்திரை எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு பக்கத்திலும் பத்தில் ஆறு பேரின் பிஸ்டுலா டயலிசிஸுக்கு ஏற்றபடி முதிரவில்லை. அடைப்பில்லாமல் இருப்பது வேறு, வளர்வது வேறு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கிராஃப்ட் என்பது இழுத்து நுண்துளை விடப்பட்ட டெஃப்லான் குழாய். நாடிக்கும் நாளத்துக்கும் இடையில் தோலுக்கு அடியில் வைப்பார்கள். நாளம் மெலிந்தவர்களுக்கு இது பெரிய உதவி. இரண்டு மூன்று வாரத்தில் குத்தத் தொடங்கலாம். குறை எங்கே என்றால், விறைப்பான பிளாஸ்ரிக் மென்மையான நாளத்தோடு சேரும் மூட்டில். அங்கே ஓட்டம் சுழிக்கிறது, நாளத்தின் தசையணுக்கள் உள்நோக்கிப் பெருகி வழியை ஒடுக்குகின்றன. கிருமித் தொற்றும் பிஸ்டுலாவைவிடக் கூட.

கழுத்துக் கதீற்றரை அன்றே பாவிக்கலாம், ஊசிக்குத்தும் இல்லை. இருதயம் பலவீனமானவர்கள், மிக முதியவர்களுக்கு அதுவே சரியான தெரிவாகவும் இருக்கும். தோலுக்கு அடியில் அதைச் சுற்றி ஒரு துணிப்பட்டை இருக்கும். உடலின் இழையம் அதில் பின்னி வளர்ந்து, குழாயைப் பிடித்துக் கிருமியையும் மறிக்கும். அப்படியும் மூன்றிலும் தொற்று அதிகம் இதில்தான், அது நேரே குருதிக்குள் போகும். கட்டு நனையக் கூடாது. கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்தவருக்கு ஈரத்துணியால் உடம்பு துடைப்பது எவ்வளவு துன்பம் என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் இறங்கவும் முடியவில்லை.

ஏன் அவருக்குக் கதீற்றர்? பிஸ்டுலா செய்யலாம் என்று முடிவான பிறகு, காய்ச்சலுக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இடது முன்கையில் அந்த நல்ல நாளத்திலேயே சேலைன் ஊசி போட்டார்கள். நாளம் கயிறு மாதிரி இறுகிவிட்டது. புறங்கையில் போட்டிருக்கலாம், நாங்கள் சொல்லத் தெரியாமல் நின்றோம். சிறுநீரகம் பழுதாகிறது என்று தெரிந்த நாளிலேயே, "இந்தக் கையில குத்தாதேங்கோ" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நாலாவது ஒன்றும் வருகிறது. 1999இல் நிக்லாசன் என்ற ஆய்வாளரின் குழுவினர் மாட்டின் உயிரணுக்களிலிருந்து, நாடித் துடிப்புப் போலத் திரவத்தை அடித்து அடித்து, ஆய்வுகூடத்தில் நாடியை வளர்த்துக் காட்டினார்கள். இப்போது மனித உயிரணுக்களில் வளர்த்து, பிறகு அந்த உயிரணுக்களைக் கழுவி நீக்கிய குழாயை, காயப்பட்ட கைகால் நாடிகளுக்குப் பாவிக்க அமெரிக்கா 2024 டிசெம்பரில் அனுமதித்திருக்கிறது. அது டயலிசிஸுக்கான அனுமதி அல்ல. எங்களால் அதற்காகக் காத்திருக்க முடியாது.

பெரியப்பாவுக்குப் பிறகு முழங்கைக்கு மேலே பிஸ்டுலா செய்தார்கள். அது தேறியது, கதீற்றரைக் கழற்றினார்கள். இப்போது காலையில் எழும்பியதும் இரண்டு விரலை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். மோட்டர் ஓடும்போது ஹோஸைப் பிடித்தால் வருமே, அந்த அதிர்வு. அது இருந்தால், "ஓம், ஓடுது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்பார்.