சும்மா போயிட்டு வர்றோம்: டவுன் பஸ்ஸுக்கு ஒரு மதிப்புரை

இதுவரை நான் எழுதிய மதிப்புரை எல்லாம் மிக்ஸி, குக்கர், கிரைண்டர் என்று அடுப்படிச் சாமான்களுக்குத்தான். இந்தத் தடவை ஒரு சேவைக்கு எழுதுகிறேன். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், இப்போது மகளிர் விடியல் பயணம் என்று பெயர். காசு கொடுக்காத பொருளுக்கு மதிப்புரை எழுத உனக்கு என்ன உரிமை என்று வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று, அதனால் இங்கே யாரும் மறுபடி கேட்க வேண்டாம். எனக்கு 63 வயது, ஊர் மதுரை.

திட்டம் தொடங்கியது 2021 மே 8. நான் ஒழுங்காகப் பயன்படுத்த ஆரம்பித்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஏன் என்றால், எனக்குப் போக இடம் இல்லை. இடம் இல்லை என்றால் ஊரில் இல்லை என்று அர்த்தமில்லை, மதுரையில் இல்லாத இடமா. பஸ் ஏற எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி, கல்யாணம், கேதம், பேங்க், பேரன் பள்ளிக்கூடம். இந்த ஐந்தைத் தவிர வேறு எதற்காகவும் நான் நாற்பது வருஷமாக பஸ் ஏறியதாக ஞாபகம் இல்லை. கோயில்கூட நேர்த்திக்கடன் இருந்தால்தான். வாசலில் செருப்பு மாட்டும்போதே "எங்க கிளம்பிட்ட?" என்று உள்ளேயிருந்து குரல் வரும், அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும், அந்தப் பதிலுக்குத் தகுந்த மாதிரி சில்லறை கைக்கு வரும். யாரும் கொடுமைக்காரர் இல்லை, நடைமுறையே அப்படி.

மாநிலத் திட்டக் குழு ஒரு ஆய்வு செய்து, இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது பெரிய காசு, மறுக்கவே மாட்டேன். எங்கள் தெருவில் ஜவுளிக்கடைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் அந்தக் காசைத்தான் சீட்டுக் கட்டுகிறார்கள். ஆனால் என் கணக்கில் மிச்சம் ஒன்றுமே இல்லை. முன்னால் செலவழித்திருந்தால்தானே இப்போது மிச்சமாகும்? நான் அந்த ஆய்வில் அகப்படாத ஆள். எனக்கு வந்தது வேறு.

வந்தது எப்படி என்றால், தோசையால் வந்தது. மதினிக்கு 67 வயது, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஒரு நாள் காலையில் வந்து, "அழகர்கோயில் தோசை திங்கணும்போல இருக்கு, வர்றியா?" என்றார். அழகர்கோயில் தோசை தெரியாதவர்களுக்கு: வீட்டுத் தோசை மாதிரி மெல்லிசாக இருக்காது, தடியாக, உளுந்து, மிளகு, சுக்கு, சீரகம் எல்லாம் சேர்த்து நெய்யில் வேகவைத்த பெருமாள் பிரசாதம், ஒன்று தின்றால் மத்தியானச் சாப்பாடு வேண்டாம். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். ஒரு தோசைக்காக யாராவது 21 கிலோமீட்டர் போவார்களா என்று நான் கேட்கவில்லை, ஏனோ அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. உள்ளேயிருந்து "எங்க?" என்று குரல் வந்தது. "சும்மா" என்றேன். சில்லறை கேட்காததால் அடுத்த கேள்வி வரவில்லை.

பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதி முன்னால் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துத் தின்றோம், குரங்குக்குக் கொஞ்சம் போயிற்று, மூன்றரைக்கெல்லாம் வீட்டில். அவ்வளவுதான். அதிலிருந்து வியாழன்தோறும். மூன்றாவது ஆளாகத் தெருமுனைப் பூக்காரம்மா சேர்ந்துகொண்டார். விடியற்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட், பத்து மணிக்குள் பூ விற்று முடிந்துவிடும், அதற்கப்புறம் அவர் நாள் அவருடையது. ஊரில் பிறந்து வளர்ந்தவர், ஆனால் மார்க்கெட்டையும் வீட்டையும் தவிர மதுரையில் எதையும் பார்த்ததில்லை என்றார். எனக்கும் அதே கதைதான் என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

சரி, சேவைக்கு வருவோம். பெரியார் நிலையம், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், எங்கிருந்து ஏறினாலும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸாக இருக்க வேண்டும், அதுதான் முதல் விதி. கண்டக்டர் பூஜ்ஜியம் போட்ட டிக்கெட் தருவார், அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அட்டை, ஆதார், விண்ணப்பம் ஒன்றும் கேட்பதில்லை, பெண்ணாக இருந்தால் போதும். எந்தச் சலுகைக்கும் ஜெராக்ஸ் நாலு எடுத்துப் பழகிய எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

காலை எட்டிலிருந்து பத்து, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு ஏறாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் நிற்கும் நேரம், நாம் சும்மா போகிறவர்கள், அந்த இடத்தைப் பிடிப்பது நியாயமில்லை. பத்தரைக்கு ஏறி மூன்றரைக்குள் திரும்பினால் ஜன்னல் ஓரம் நிச்சயம்.

எனக்கு மிகவும் பிடித்த பயணம் கீழக்குயில்குடி. நாகமலைப் பக்கம் இறங்கி உள்ளே போனால் ஆலமரம், தாமரைக் குளம், குதிரையோடு அய்யனார் கோயில், அதற்குப் பின்னால் சமணர் மலை. பேச்சிப்பள்ளம் என்கிற இடம் வரைக்கும் ஏறினோம். பாறையில் வெட்டிய படி, மூட்டுவலிக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போக வேண்டும், மதினி பாதி தூரம் தவழ்ந்தே வந்தார், சிரிப்பு தாங்கவில்லை. மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிலைகள், ஆயிரம் வருஷத்துக்கு மேலானவை, கீழே வட்டெழுத்து. கேமராவோடு வந்திருந்த ஒரு காலேஜ் பையன் எங்களுக்காக ஒரு வரியைச் சொன்னான்: அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தி பெரிய சமண முனிவராம், பல மலைகளில் அவர் பேர் இருக்கிறதாம். பூக்காரம்மா கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தம்மா புருஷன் பேரு இல்லையா தம்பி?" என்றார். இல்லை என்றான். "மகன் சாமியாராப் போனதுக்கப்புறம் செஞ்சிருப்பா" என்றார் மதினி, ஏதோ பக்கத்து வீட்டுச் சமாசாரம் போல. மகன் துறவியாகப் போய்விட்டான், அந்தம்மாவுக்கு அப்போது என்ன வயது இருக்கும், கல்தச்சனை யார் போய்க் கூப்பிட்டது, காசு யாருடையது என்று இறங்குகிற வரைக்கும் அதே பேச்சு. ஒரு பதிலும் கிடைக்கவில்லை. ஆனால் கல்லில் பேர் இருக்கிறது.

கீழடிக்கும் போனோம். சிலைமான் வரை டவுன் பஸ், அப்புறம் ஆட்டோ. அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். தங்கத்தைவிட எங்களை நிறுத்தியது சுடுமண் வட்டச் சில்லு. ஓட்டை உடைத்து ஓரம் தேய்த்து வட்டமாக்கியது, நாங்கள் பாண்டி ஆடினபோது செய்த அதே சில்லு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் எவளோ ஒருத்தி உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள். அடுத்த வாரம் மதினி வீட்டு மொட்டை மாடியில் கட்டம் போட்டோம். நொண்டியடிக்க முடியவில்லை, நடந்தே ஆடினோம். விதியை மாற்றிக்கொள்ளும் வயது வந்துவிட்டது.

புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜூலை 15-ல் திறந்தது. முதலில் போனது ஏசிக்காகவும் கழிப்பறைக்காகவும்தான், பொய் சொல்ல மாட்டேன். இது சிரிப்பதற்கில்லை. எங்கள் வயதுப் பெண்கள் வெளியே போகாததற்குப் பாதிக் காரணம் கழிப்பறை, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே கிளம்புகிறவர்கள் நாங்கள். நான் எந்த இடத்துக்கும் முதலில் விசாரிப்பது அதைத்தான், வரலாறு எல்லாம் அப்புறம். இப்போது மதினி செவ்வாய்க்கிழமை தனியாகவே நூலகம் போகிறார், என்ன படிக்கிறார் என்று கேட்டால் சொல்வதில்லை.

பூக்காரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பரை வைத்துத்தான் ஏறுவார், எண் எல்லாம் அத்துப்படி. ஒரு நாள் ஸ்டாப்பில் நிற்கும்போது போர்டைக் காட்டி இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று அவரே ஆரம்பித்தார். 'மா' சீக்கிரம் வந்துவிட்டது, மாட்டுத்தாவணி உபயம். 'திரு' வந்ததும்தான் தகராறு. திருமங்கலம், திருப்பரங்குன்றம், திருப்புவனம், திருநகர், திருப்பாலை. "எல்லா ஊரும் திருன்னே ஆரம்பிச்சா நான் எப்பிடிக்கா படிக்கிறது, அடுத்த எழுத்துக்கு வர்றதுக்குள்ள பஸ்ஸு போயிருது" என்றார். நியாயமான புகார், எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று தெரியவில்லை. இப்போது இரண்டாவது எழுத்துக்கு வந்துவிட்டார்.

குறைகள். படி உயரம். டவுன் பஸ் படிக்கட்டு முட்டிவலி உள்ளவர்களை நினைத்துச் செய்ததில்லை, முதல் படியில் வைக்கச் சின்ன முக்காலி கொண்டுபோகலாமா என்றுகூட யோசித்தோம். மத்தியானம் ஊர்ப்புறத்துக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், வெற்றிலை போடுகிறவர்களுக்கு நேரம் தெரியாது. எல்லை இன்னொன்று. என் தங்கச்சி பெங்களூரில் இருக்கிறாள், அங்கே 2023 ஜூன் 11-லிருந்து சக்தி திட்டம், கர்நாடகப் பெண்கள் சாதாரண பஸ்ஸில் மாநிலம் முழுக்கப் போகலாம். அவள் மைசூர் போய் வந்து படம் அனுப்புகிறாள். நமக்கு டவுன் பஸ் எதுவரை போகிறதோ அதுவரைதான் உலகம். காரைக்குடிக்கு ஒரு நாள் போக வேண்டும் என்று ஆசை, அது காசு கொடுத்துத்தான்.

எங்கள் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் வேறு வகை பஸ்ஸில் ஏறிவிட்டோம், பாதி வழியில்தான் தெரிந்தது கட்டண பஸ் என்று. மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தோம், மதினி இறங்குகிற வரை அதைப் பற்றியே பேசினார். ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் 'ஓசி'. ஒரு நாள் பின்சீட்டில் ஒருத்தர், எங்கள் காதில் விழட்டும் என்றே, "ஓசி டிக்கெட்டு, ஊர் சுத்துறாளுக" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. மதினி திரும்பி, "ஆமாப்பா, ஓசிதான். உனக்கும் வேணும்னா ஒரு சேலையக் கட்டிக்கிட்டு வா, எடம் தர்றோம்" என்றார். பஸ்ஸே சிரித்தது, அந்த ஆளும் சிரித்தார், அதுதான் மதுரை. ஊர் சுற்றுகிறோம் என்றுதானே சொன்னார், உண்மைதானே என்று ராத்திரி படுத்தபிறகு யோசித்தேன். இருபது வயதில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும்.

வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கூட வந்தார், திருப்பரங்குன்றத்துக்கு. கண்டக்டர் எங்களுக்குப் பூஜ்ஜியம் கிழித்துவிட்டு அவரிடம் மட்டும் கை நீட்டினார். அவர் சட்டைப்பையில் சில்லறை இல்லை. என் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், "எங்க போறீங்க?" என்று கேட்டும் வைத்தேன். அவருக்கு அந்த ஜோக் பிடிக்கவில்லை.

மதிப்பெண் 5-க்கு 4. படிக்கட்டுக்கு அரை, காரைக்குடிக்கு அரை கழித்தாயிற்று.

இன்னொரு சின்னக் குறை. பழைய டைரி ஒன்றில் டிக்கெட்டை எல்லாம் ஒட்டி வருகிறேன், ஒவ்வொரு வியாழனுக்கும் ஒரு பக்கம். மிஷினில் வருகிற டிக்கெட்டில் எழுத்து சில மாதத்தில் மங்கி வெறும் தாளாகிவிடுகிறது, அழகர்கோயில் டிக்கெட்டில் இப்போது ஒன்றுமே தெரியவில்லை. அதனால் ஒட்டின உடனே பக்கத்தில் பேனாவால் தேதி, ஊர், யார் யார் வந்தோம் என்று எழுதிவிடுகிறேன். போன வாரம் பூக்காரம்மா பேனாவை வாங்கி, தன் பேரில் முதல் எழுத்தை அவரே போட்டார், மீதியை நான் எழுதினேன்.

வருகிற வியாழன் ஒத்தக்கடை, யானைமலை. நரசிங்கம் கோயில் அடிவாரத்திலேயே இருக்கிறது என்று சொல்லித்தான் மதினியைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன், மலை மேலே போகலாமா என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம்.