மலையில மழைக்காலத்து பாப்பா: துணி நெப்பி, தொட்டில், மணல் தட்டு எல்லாம் ரெண்டு வருசமா பாவிச்ச அனுபவம்

மலைநாட்டுல பாப்பாவுக்கு ரெடியாகுற யாரா இருந்தாலும் சாமான் லிஸ்ட் எழுத முன்னால ஒங்க வீட்டு துணி எங்க காயும்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஆன்லைன்ல கெடைக்கிற லிஸ்ட் எல்லாம் வெயில் அடிக்கிற ஊருக்கு எழுதினது. நாங்க இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கோம், இங்க மே கடைசியில புடிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் இழுக்கும், எங்க சின்னவன் பொறந்தது சரியா ஜூன்ல. மூத்தவளுக்கு அப்ப மூணு வயசு ஆகல. வீட்டுக்காரரு கொழும்புல கடையில வேல, மாசத்துக்கு ஒருக்கா தான் வருவாரு, வீட்ல நானும் எங்க மாமியும் தான். நான் கல்யாணத்துக்கு முன்னாடி நர்சரியில டீச்சரா இருந்தவ, அதுனால மூத்தவளுக்கு வீட்லயே சொல்லிக் கொடுக்குறதும் பாப்பாவுக்கு ரெடி பண்றதும் ரெண்டும் ஒண்ணா நடந்துச்சு. இப்ப சின்னவனுக்கு ரெண்டு வயசாகுது, எது நெலச்சுச்சு எது நெலக்கலன்னு தைரியமா சொல்லலாம்.

துணி நெப்பியில, அதாவது பாப்பா இடுப்புல கட்டுற துணியில இருந்து வாரேன். எங்களுக்கு ரெண்டு வகை இருந்துச்சு. ஒண்ணு கொழும்புல இருந்து நாத்தனா கொண்டு வந்து தந்தது, பட்டன் வச்சு உள்ளுக்கு தடிப்பா பேட் சொருகுறது, பாக்க ரொம்ப அழகா இருக்கும். இன்னொன்னு சாதாரண வெள்ளை சதுரத் துணி, அதோட வீட்டுக்காரரோட பழைய காட்டன் சாரத்த (லுங்கி) வெட்டி நாலு பக்கமும் மடிச்சு தச்சது. வெயில் காலத்துல ரெண்டும் நல்லம். ஆனா ஜூன் மழையில அந்த தடிப்பு பேட் கொடியில ரெண்டு நாள் கெடந்தும் நடுவுல ஈரம் போகாது, கையால அமுக்கிப் பாத்தா சில்லுன்னு இருக்கும், ஒரு புளிச்ச வாடை வேற வந்துரும். சாரத்துணி ஒத்தை மடிப்பு தானே, பிழிஞ்சு ஒதறி விரிச்சுப் போட்டா காத்துல தொங்குனாலே பாதி காஞ்சிரும், கட்டும்போது தான் மடிக்கிறோம். துவைச்சு துவைச்சு நூல் மெலிஞ்ச பழைய சாரம் தான் இன்னும் நல்லம், பிஞ்சுத் தோலுக்கு உரசாது, தண்ணியயும் சீக்கிரம் இழுக்கும். புது துணியா இருந்தா பாப்பா வர முன்னாடியே நாலஞ்சு தரம் துவைச்சு வச்சிருங்க. வாசனைக்கு ஊத்துற கம்ஃபோர்ட் மாதிரி சாமான் நெப்பிக்கு வேணாம், அது போட்டா துணி தண்ணி இழுக்காது.

எத்தன வேணும்னு கேப்பாங்க. வெயில் ஊர்ல ரெண்டு டசன் போதும்னா இங்க மூணு டசனுக்கு மேல வேணும், ஒரு செட்டு இடுப்புல, ஒரு செட்டு கொடியில, ஒரு செட்டு அரை ஈரத்துல அப்படித்தான் ஓடும்.

காய வைக்கிறது தான் பெரிய கத. மாமி அந்த காலத்துல அடுப்புக்கு மேல கயிறு கட்டி காய வச்சவங்க, எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க, வேற வழியும் இல்ல. ஆனா விறகு பொகை ஏறுன துணிய பச்சப்புள்ளைக்கு கட்டுறது எனக்கு சரிப்படல, அதோட பொகை இருக்க குசினியில கைக்குழந்தைய வச்சிருக்கவே கூடாது, நெஞ்சு சளி, எளைப்பு எல்லாத்துக்கும் அது ஒரு காரணம். அதுனால இவரு லீவுல வந்தப்ப வீட்டு பின்பக்கம் ஒரு சாய்ப்பு எறக்கி, சாதாரண தகரத்துக்கு பதிலா கண்ணாடி மாதிரி வெளிச்சம் விழுற கூரை ஷீட் போட்டாரு, பக்கத்துல ரெண்டு சைடும் தொறந்து கெடக்கும். வெயிலே இல்லாட்டியும் அதுக்கு அடியில ஒரு கதகதப்பு இருக்கும், காத்தும் போகும், சாரல் மட்டும் அடிக்காது. ரெண்டு வருசத்துல நாங்க சல்லி போட்டதுலயே ரொம்ப பிரயோசனமானது எதுன்னு கேட்டா அந்த ஷீட் தான்னு சொல்லுவேன், தொட்டில் இல்ல, பேபி செட் இல்ல. ஒரு விசயம் மட்டும், ஷீட்டுல பாசி புடிக்கும், மழை விட்டதும் தேய்ச்சு கழுவணும், இல்லாட்டி வெளிச்சம் கொறைஞ்சிரும்.

அரை ஈரத்த அயன் பண்ணி காய வைக்கலாம், நல்லா காயும். ஆனா கரண்ட் பில்ல பாத்துக்கங்க. மாசம் 60 யூனிட்டுக்குள்ள நின்னா ஒரு ரேட், தாண்டினா முழுசுக்கும் கணக்கே வேற, தெனமும் நெப்பி அயன் பண்ணுனா சின்ன வீடு கூட தாண்டிரும். அதுனால நாங்க ராத்திரிக்கு கட்டுறத மட்டும் அயன் பண்ணுனோம்.

டயபர் வேணவே வேணாம்னு சொல்ல மாட்டேன். டவுனுக்கு, கிளினிக்குக்கு, அடை மழை நாள் ராத்திரிக்கு பாவிச்சோம். மொத மாசம் மட்டும் வேணாம்னு வச்சோம், அது ஏன்னா பாப்பா எத்தன தரம் மூத்திரம் போகுதுன்னு பாத்து தான் பால் போதுதான்னு மிட்வைஃப் மிஸ் கேப்பாங்க, துணியில அது கண்ணுக்கு முன்னால தெரியும். இன்னொரு பிரச்சின குப்பை. லயத்து (தோட்டத்து வரிசை வீடுங்க) பக்கம் குப்பை எடுக்க வண்டி வாறதில்ல, டயபர எரிச்சா நாத்தம், கான்ல (சாக்கடையில) போட்டா மழைக்கு அடைச்சு பக்கத்து வீட்டு இஸ்தோப்பு (முன் திண்ணை) வரைக்கும் தண்ணி ஏறும். அக்கம் பக்கத்த நெனச்சு தான் வாங்கணும்.

இனி தொட்டில். சேலையில கட்டுன தொட்டி மாதிரி வராது, அது உண்மை, சின்னவன் பகல் தூக்கம் எல்லாம் அதுல தான். ஆனா மூத்த புள்ள இருக்க வீட்ல அதுக்கு சட்டம் வேணும். மூணு வயசுப் புள்ளைக்கு தொங்குற சேலைய கண்டா ஊஞ்சல் ஆடணும், முறுக்கி சுத்தணும்னு தான் தோணும், கழுத்துல சுத்திக்கிட்டா நெனைக்கவே பயமா இருக்கு. பாப்பாவ தூக்குனதும் சேலைய சுருட்டி விட்டத்துல சொருகிருவோம், தொங்க விடுறதே இல்ல. துணிய விரிச்சுப் பிடிக்க குறுக்க ஒரு கம்பு போடணும், இல்லாட்டி பச்சப்புள்ள கூனிக்கிட்டு தாடை நெஞ்சுல ஒட்டி மூச்சு முட்டும். கிட்ட ஆள் இருந்தா மட்டும் தான் தொட்டி. ராத்திரியில தட்டையான மெத்தையில மல்லாக்க படுக்க வைக்கிறது, மூஞ்சிக்கிட்ட கம்பளி, தலகாணி ஒண்ணும் இல்லாம. குளிருக்கு கனமான கம்பளிய விட ரெண்டு மூணு சட்டைய மேலுக்கு மேல போடுறது தான் சரி.

இனி மூத்தவளோட படிப்பு. மழைக்கு வெளிய விட ஏலாது, எனக்கு வயிறு தள்ளிக்கிட்டு, போன கொடுத்தா அமைதியா இருப்பா தான். ஆனா ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஸ்கிரீன் ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது இருக்கு, நாங்க அத புடிச்சுக்கிட்டோம். மத்த நேரத்துக்கு ஒரு பிஸ்கட் டின் மூடி, அதுல சலிச்ச மணல் ஒரு விரல் கனத்துக்கு. அவ்வளவு தான் சாமான். வெரலால எழுதுவா, ஆட்டுனா அழிஞ்சிரும், திரும்ப எழுதுவா. பென்சில் புடிக்கிற பலம் அந்த வயசு வெரலுக்கு இல்ல, மணலுக்கு அது தேவையும் இல்ல.

அ-வுல ஆரம்பிக்காதீங்க. விஜயதசமிக்கு கோயில்ல அரிசியில கைய புடிச்சு அ எழுத வைக்கிறது நல்ல காரியம், அது நடக்கட்டும், ஆனா தானா எழுதுறதுக்கு அ கஷ்டம், சுழி, வளைவு, கோடு எல்லாம் ஒண்ணா வருது. ட, ப, ம இந்த வரிசை தான் கைக்கு லேசு. மேல இருந்து கீழ ஒரு கோடு, அப்படியே பக்கத்துல ஒரு கோடு, ட வந்துருச்சு. அதையே மேல தூக்குனா ப. ப நல்லா வந்த பொறகு தான் ம. எங்க புள்ள ட-வ மணல்ல போட்டுட்டு வெரல எடுக்காம கொஞ்ச நேரம் யோசிப்பா, அப்புறம் "இப்ப மேல போகவா அம்மா"ன்னு கேட்டுட்டு ப ஆக்குவா. டவுன்ல வாங்குன சுவர் சார்ட்டுல ஒ-வுக்கு ஒட்டகம் இருக்கு, அது அவளுக்கு என்னத்த விளங்கும். நாங்க ம-வுக்கு மழை, மலை, மாமி கொழுந்து எடுக்குறப்ப செடி மட்டம் பாக்க பாவிக்கிற மட்டக்கம்பு, ப-வுக்கு பனி, கொழுந்து எடுக்குறவங்க இடுப்புல கட்டுற படங்கு, ட-வுக்கு டவுன் அப்படி வச்சுக்கிட்டோம். மட்டக்கம்ப கையில எடுத்துக்கிட்டே ம சொல்லுவா.

எண்ணுறதுக்கு நெப்பி தான். காஞ்சத மடிச்சு அடுக்குறது அவ வேல, சதுரத்த குறுக்கால மடிச்சா முக்கோணம், அஞ்சு அஞ்சா அடுக்கணும். பாப்பா வர முன்னாடியே துணி பொம்மைக்கு நெப்பி கட்டிப் பழகினா, தலைக்கு கீழ கை கொடுத்து தூக்கப் பழகினா. பாப்பாவுக்கு ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் தான், பிஸ்கட், சீனித்தண்ணி, தேன் ஒண்ணும் கூடாதுன்னு பொம்மைய வச்சே தெனம் சொல்லிக் கொடுத்தோம். இத நான் ரொம்ப முக்கியமா சொல்றேன், ஏன்னா மூத்த புள்ளைக்கு பாசத்துல வாயில எதையாவது ஊட்டணும்னு தான் தோணும். வந்த சொந்தக்காரங்க நாக்குல சீனித்தண்ணி தொட்டு சேனை வைக்கணும்னு கேட்டப்ப "பாப்பாவுக்கு அம்மா பால் மட்டும்"னு அவளே முன்னால நின்னு சொன்னா.

மூத்தவளுக்கு நல்லா வேலை செஞ்ச இன்னொன்னு கிளினிக் புத்தகம், புள்ளையோட நிறை, ஊசி எல்லாம் எழுதுறது. பொம்பளப் புள்ளைக்கு ரோஸ், ஆம்பளப் புள்ளைக்கு நீலம், நிறை போடுற கோடு உள்ளுக்கு இருக்கும். அவ ரோஸ் புத்தகத்த அவளே தூக்கிட்டு வருவா. ஆகஸ்ட்ல அவளுக்கு 3 வயசுல தட்டம்மைக்கெல்லாம் போடுற எம்எம்ஆர் ஊசி, தம்பிக்கு ரெண்டாவது மாசத்து ஊசி, ரெண்டும் ஒரே கிளினிக் நாள்ல வந்துச்சு, "தம்பிக்கு முன்னால எனக்கு போடுங்க மிஸ்"னு கைய நீட்டுனா. கிளினிக்ல திரிபோஷ (சத்துமா) பாக்கெட் எனக்கு தந்தத உருண்டை புடிக்கிறதும் அவளோட சேந்து தான், தேங்காப்பூ போட்டு பெசஞ்சா ருசி.

ஆஸ்பத்திரி பேக்குக்கு பெருசா ஒண்ணும் எழுத இல்ல. கிளினிக் கார்டு மேலயே, துணியெல்லாம் பொலித்தீன் பையில கட்டி, ஒரு ஃபிளாஸ்க், ஒரு கோப்பை. 1990 ஆம்புலன்ஸ் நம்பர் வீட்ல எல்லார் போன்லயும் இருக்கணும், அதுக்கு சல்லி கட்டத் தேவையில்ல, ராத்திரியில த்ரீவீல் கெடைக்காத தோட்டத்துக்கு அது பெரிய ஒதவி. வார்டுக்குள்ள சின்னப் புள்ளைய விடமாட்டாங்கன்னு தெரிஞ்சதுனால, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே மூத்தவள அவ அப்பாயிக்கிட்ட படுக்கப் பழக்கிட்டோம். தூங்க முன்னாடி மணல் தட்டுல ஒரு எழுத்து எழுதி அழிக்காம வைக்கிறது அப்ப வந்த பழக்கம், நான் வீட்டுக்கு வந்ததும் காட்டணுமாம்.

இப்ப பொகவந்தலாவையில இருக்க தங்கச்சிக்கு அக்டோபர்ல குழந்தை, அதுவும் மழை மாசம். சாரத்துணி எல்லாத்தையும் கட்டி அனுப்பிட்டேன், தடிப்பு பேட் நெப்பிய பெப்ரவரி வெயிலுக்கு எடுன்னு தனியா வச்சுட்டேன். அவ லயத்துல பின்பக்கம் சாய்ப்பு எறக்க எடம் இல்ல, அதுனால இஸ்தோப்பு கூரையில ஒரு ஷீட்ட மட்டும் மாத்திக்க தோட்டத்துல கேக்கச் சொல்லியிருக்கேன், அது கெடைக்கலன்னா ராத்திரிக்கு டயபர் வாங்கத்தான் வேணும், அதுக்கு இப்பவே மாசா மாசம் கொஞ்சம் சல்லி ஒதுக்கிட்டு வாறா.